அஞ்சல் நின்றால் அங்காடி என்னாகும்?

அரசுத்துறை ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் இழப்பு அரசுக்கே என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அவ்விழப்பில் ஒரு பங்கு சிறு கடைக்காரரையும் சென்று சேர்கிறது. அது எவ்வாறு சேர்கிறது, எவரிடம் மிகுதியாகத் தங்குகிறது என்பதைக் கனடா நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

கனடா அஞ்சல் கழகம் அந்நாட்டு அரசுக்கு உரிமையானது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அதன் ஊழியர் ஏறத்தாழ 55,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நான்கு ஆண்டுகளில் 11.5 விழுக்காடு ஊதிய உயர்வு தர நிருவாகம் முன்வந்தது. தொழிற்சங்கம் அதனினும் மிகுதியாகக் கேட்டது. வார இறுதியில் பகுதிநேர ஊழியரைக் கொண்டு பார்சல்களை வழங்கும் திட்டமும் பூசலுக்குக் காரணமாயிற்று. டிசம்பர் 17ஆம் நாள்தான் வேலை மீண்டும் தொடங்கியது.

நவம்பர் இறுதி முதல் கிறிஸ்துமஸ் வரையிலான வாரங்கள் அங்குள்ள வணிகருக்கு அறுவடைக் காலமாகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியவர்கள், காற்று வீசிய வேளையில் முறத்தை இழந்து நின்றனர்.

இத்தகைய வேளையில் விற்பனை மூன்று வகையாக மாறுகிறது. முதலாவது, தள்ளிப்போகும் விற்பனை. சமையற்கலம் வாங்க நினைத்தவர் அடுத்த மாதம் வாங்குவார். கடைக்காரருக்குக் காலதாமதமே இழப்பு. இரண்டாவது, இடம் மாறும் விற்பனை. இணையவழி வாங்க இருந்தவர் அருகிலுள்ள கடைக்குச் செல்வார். ஒருவர் இழப்பது மற்றொருவருக்கு வரவாகும். மூன்றாவது, அடியோடு மறையும் விற்பனை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைச் சனவரியில் எவரும் வாங்கமாட்டார். ஆகவே, நாட்டின் மொத்த விற்பனைக் கணக்கில் சிறிதாகத் தோன்றும் குறைவு, ஒரு தனிக் கடையின் கணக்கில் பேரிழப்பாக இருத்தல் கூடும்.

பெரு நிறுவனங்களுக்குச் சொந்தக் கிடங்குகளும், தனியார் கூரியர்களோடு முன்னரே செய்த ஒப்பந்தங்களும் உண்டு. வீட்டிலிருந்தபடி கைவினைப் பொருள் விற்பவருக்கு அஞ்சலகமே துணை. தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குத் தனியார்வழி அனுப்பினால் கட்டணம் இலாபத்தை விழுங்கிவிடும். விற்ற பொருளுக்குக் காசோலையை அஞ்சலில் எதிர்நோக்கும் வணிகருக்குப் பண வரவும் தடைப்படும்.

வேலைநிறுத்தம் தொழிலாளரின் உரிமை. எவருக்கும் இடையூறு விளையாத வேலைநிறுத்தத்திற்கு வலிமையுமில்லை. ஆயினும் அந்த இடையூறு முடிவில் தொழிலாளரிடமே திரும்பி வருவதும் உண்டு. பார்சல் வணிகத்தில் 2019இல் 62 விழுக்காடாக இருந்த கனடா அஞ்சலின் பங்கு 2023இல் 29 விழுக்காடாகச் சுருங்கியது. 2024ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்கு முன்பே நிகழ்ந்த இச்சரிவுக்குத் தனியார் போட்டி பெருங்காரணம். எனினும் 2018, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் நடந்த வேலைநிறுத்தங்கள் ஒவ்வொன்றும் வணிகரை மாற்று வழி தேடத் தூண்டின. புதிய வழிக்குப் பழகியவர் அனைவரும் பழைய வழிக்குத் திரும்புவதில்லை.

அஞ்சல் ஊழியர் சுமக்கும் பார்சல் சிறு வணிகரின் பிழைப்பு. அவ்வணிகர் செலுத்தும் கட்டணத்தில் ஊழியரின் ஊதியமும் அடங்கியுள்ளது. பேச்சுவார்த்தை மேசையில் நிருவாகமும் சங்கமும் மட்டுமே அமர்கின்றன. அங்கே இடமில்லாத அச்சிறு வணிகரை இரு தரப்பாரும் மறவாதிருப்பது இருவர்க்கும் நலம் பயக்கும்.