பட்டப்பின் உளவியலும் பகுதிநேர விரிவுரையாளரும்

நமது கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சமூகசேவை உத்தியோகத்தராகவும் விளங்குவோர் பலர். அவருட் சிலருக்கு என்றேனும் ஒரு நாள் பல்கலைக்கழகமொன்றிலிருந்து கடிதம் வருதல் கூடும். முதுமாணி வகுப்புக்கு உளவியற் பாடமொன்றை வார இறுதியில் நடத்தித்தர இயலுமா என்று அது வினவும். அங்ஙனம் அழைக்கப்பெற்று மருதமுனையிலிருந்து அப்பணிக்குச் சென்று வருவோராகிய நாம், அப்பணி எத்தன்மையது என்பதை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பகுதிநேர விரிவுரையாளர் என்பார் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆசிரியர் அல்லர். விரிவுரை நிகழ்த்திய மணித்தியாலங்களுக்கே அவருக்கு ஊதியம் உண்டு. ஆயத்தஞ் செய்யும் இரவுகளும், விடைத்தாள் திருத்தும் ஞாயிற்றுக்கிழமைகளும், பேருந்திற் கழியும் காலைகளும் அக்கணக்கிற் சேர்வது அரிது. அவருக்கெனத் தனி அறையும் இராது. மாணவர் ஐயம் வினவ வந்தால் மரநிழலே அறையாகும். ஊதியம் வரும்போது அடுத்த தொகுதி மாணவர் வந்து சேர்ந்துவிடுதலும் உண்டு. இவையெல்லாம் தெரிந்தே ஏற்பவை. இவற்றை மிகுத்துரைத்தல் வேண்டா.

பட்டப்பின் வகுப்பின் மாணவர் யாவர் என்பதே முதன்மையானது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலிய இக்கரையோர ஊர்களிலிருந்து வருவோர் பெரும்பாலும் தொழில் புரிவோர்: ஆசிரியர், குடும்பநல மருத்துவமாது, தாதியர், சிறுவர் நலன்பேணும் உத்தியோகத்தர். நாற்பது அகவை கடந்தோரும் உளர். இளமாணி வகுப்பிலே புலக்காட்சி என்றால் என்ன, நினைவு என்றால் என்ன என்று விளக்கினாற் போதும். இவர்களோ வாழ்க்கையில் நம்மினும் மிகுதியாகக் கண்டவர்கள். ஆகவே ‘இஃது இன்னது’ என்று கூறுவதோடு அமையாது, ‘இஃது இன்னதென எவ்வாறு அறிந்தனர்? நம்மூரிலும் அங்ஙனமேயாகுமா?’ என்ற வினாவுக்கு விடைகாணப் பழக்குதலே பட்டப்பின் கல்வியின் பொருளாகும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனையையும் அதன் அயலூர்களையும் அழித்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அதன்பின் உளத்துணை வழங்குவதற்கெனப் பல நாட்டினரும் வந்தனர். நிகழ்ந்ததை ஒரே அமர்விற் சொல்லவைத்துவிட்டால் உள்ளம் தேறும் என்று கருதினோர் அன்று பலர் இருந்தனர். அவ்வொற்றை அமர்வு முறையால் மனவடு தடுக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. இதனை வகுப்பிற் கூறும்பொழுது அமைதி நிலவும். அம்முறைக்கு உட்பட்டோரும், தாமே அதனை நடத்தினோரும் அங்கே இருப்பரன்றோ!

துயரம் பற்றிய பாடம் இன்னும் நுண்ணியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, நீடித்த துயரத்தை ஒரு நோயாகச் சேர்த்துக்கொண்டது. குறைந்தது ஆறு மாதம் நீடித்திருத்தல் வேண்டும் என்பது அதன் வரையறை. அதே ஆண்டில் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் திருத்திய கைந்நூலோ வளர்ந்தோர்க்குப் பன்னிரண்டு மாதம் என்கின்றது. முந்திய வகைப்பாடு மற்றொன்றையுஞ் சேர்த்துரைக்கின்றது: அத்துயரம் அவரவர் சமூகத்தினதும் பண்பாட்டினதும் சமயத்தினதும் வழக்கத்தைத் தெளிவாக மிஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே அது. அவ்வழக்கம் யாது என்று நூல் கூறாது, கூறவும் இயலாது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். இந்துக்களின் வீட்டிலே முப்பத்தோராம் நாட் கிரியையும் ஆண்டுத் திவசமும் உண்டு. உடல் கரைசேராத வீட்டிலே எந்நாளை முதல்நாளாகக் கொள்வது? இவ்வினாவுக்கு ஜெனீவாவிலும் விடையில்லை. வகுப்பின் பின்வரிசையில் இருக்கும் மருத்துவமாதிடம் இருக்கலாம். எனினும் அவர் கூறுவதை அப்படியே ஏற்றலும் தகாது. எத்தனை வீடுகளில் அங்ஙனம் கண்டார், மாறாக நிகழ்ந்த வீடு உண்டா என்று வினவுதலே ஆசிரியன் கடமை.

சொற்களின் இடர்ப்பாட்டையும் குறிப்பிடல் வேண்டும். நம்மவர் ‘பதகளிப்பு’ என்பதைத் தமிழ்நாட்டு நூல்கள் ‘பதற்றம்’ என்கின்றன. நாம் ‘நெருக்கீடு’ என்பதற்கு அவர்கள் ‘மன அழுத்தம்’ என்று எழுதுவர். அச்சொல்லையே மனச்சோர்வு நோய்க்கும் சிலர் வழங்குவர். இரு கரை நூல்களையும் படித்த மாணவர் தம் வினாக்கொத்தில் ‘உமக்கு மன அழுத்தம் உண்டா?’ என்று கேட்டால், வரும் விடை எதனைக் குறிக்கும்? ஆகவே ஆங்கில அளவைகளைத் தமிழாக்குவோர், மற்றொருவரைக் கொண்டு அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியற் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கி உழைத்தது 1930-களில். உளவியலைப் பொறுத்தவரை அப்பணி இன்னும் வகுப்பறைதோறும் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது.

நிற்க. பகுதிநேர ஆசிரியர் எவ்வளவு செய்யவியலும் என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மெய்யியலறிஞர் சார்ல்ஸ் பியர்ஸ் 1879 முதல் 1884 வரை பால்ட்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பகுதிநேர விரிவுரையாளராயிருந்தார். அவருடைய சீவனம் அரசாங்கக் கரையோர நில அளவைத் திணைக்களத்தின் வேலை. அங்கே பட்டப்பின் மாணவராயிருந்த யோசேப் ஜஸ்ட்ரோவுடன் சேர்ந்து அவர் நிகழ்த்திய பரிசோதனை புகழ்பெற்றது. மிகச் சிறிதே வேறுபட்ட இரு நிறைகளுள் எது பாரமானது என்று கூறல் வேண்டும். வரிசையை ஆய்வாளர் விருப்பப்படி அமையாது, சீட்டுக்கட்டைக் குலுக்கி அமைத்தனர். விடை கூறுவோர் தம் நம்பிக்கையையும் பூச்சியம் முதல் மூன்று வரை எண்ணாற் குறித்தனர். வேறுபாடே தெரியவில்லை என்று பூச்சியம் இட்டபோதும் ஒரு விடையைக் கூறியே தீரல் வேண்டும். அவ்விடைகள் தற்செயலாக அமைவதினும் மிகுதியாகச் சரியாயிருந்தன. ஏறத்தாழ ஐந்துக்கு மூன்று. தாம் உணரவில்லை என்று கருதியதையும் உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்பட்டது. ஜஸ்ட்ரோ 1886-இல் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருக்கு ஆய்வு பழக்கிய பியர்ஸின் நியமனமோ 1884-இலேயே புதுப்பிக்கப்படாது போயிற்று. அதன்பின் அவர் எங்கும் நிரந்தரப் பல்கலைக்கழகப் பதவி பெற்றாரல்லர்.

இப்பரிசோதனையை நாம் வகுப்பிற் செய்துகாட்டுவதுண்டு. கருவி வாங்கப் பணம் வேண்டா. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையிலே நூற்கழிகளுக்குப் பஞ்சமில்லை. கண்களை மூடச்செய்து, சற்றே நிறை வேறுபட்ட இரு கழிகளைக் கையில் ஏந்தத் தருவோம். நெசவுக் குடும்பத்தவரின் கையே நுண்ணியதா என்று அறிய எல்லாரும் ஆவல் கொள்வர். ஆனால் இடையூறு வேறிடத்தில் எழும். ‘தெரியாது, சேர்’ என்று கூறிக் கையைத் தாழ்த்திவிடுவர். தெரியாததைத் தெரிந்ததுபோற் கூறல் பொய் என்று பழகிய நல்லோர் அவர்கள். ஊகித்துக் கூறுதல் பொய்யன்று, தரவு என்று விளங்கவைக்க அரை மணித்தியாலம் செல்லும். அவ்வரை மணித்தியாலத்திற் கற்பதே பெரிது: வினாக்கொத்திலே ‘தெரியாது’ என்று நாம் எண்ணிவைக்கும் விடைகளுள் எத்தனை அறியாமை, எத்தனை நாணம், எத்தனை மரியாதை!

இனி, அஞ்சத்தக்க ஒரு பகுதி. முதுமாணி மாணவர் தாம் உளத்துணை வழங்கிய ஒருவரைப் பற்றி வகுப்பில் எடுத்துரைத்தல் வேண்டும். பெயரை மறைத்தாற் போதும் என்பது பெருநகர்க்குப் பொருந்தும். பெரியநீலாவணையிலிருந்து நிந்தவூர்வரை ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும் இக்கரையிலே, ‘தறி நெய்யும் கைம்பெண், மூத்த மகன் கட்டாரில்’ என்றவுடன் மூவர் தலைநிமிர்வர். அவருள் ஒருவர் அப்பெண்ணின் மச்சாளாகவும் இருக்கலாம். அன்று மாலைக்குள் செய்தி ஊரில் உலவினால் அப்பெண் மீண்டும் எவரிடத்தும் வாய் திறவாள். அவளைக் கண்டு பிறரும் திறவார். ஆதலின் தொழில், பிள்ளைகளின் தொகை, ஊர், ஆண்டு என்பவற்றை மாற்றியமைத்த பின்னரே எடுத்துரைக்க விடுகின்றோம். மாற்றிய வரைவை முதலில் நாமே தனியே படித்துப் பார்க்கின்றோம். விவரம் மாறினால் ஆய்வுப் பெறுமதி குறையும் என்று சிலர் முறையிடுவர். முறையீடு நியாயமே, எனினும் நாம் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆய்வேட்டு மேற்பார்வையே இறுதிச் சிக்கல். விரிவுரை முடிந்தவுடன் நமது நியமனமும் முடிவடையும். மாணவரின் ஆய்வோ அப்பொழுதுதான் தொடங்கும். அவர்கள் மஃரிப் தொழுகைக்குப் பின்னர் தாள்கட்டுடன் நம் வீட்டு வாயிலில் வந்து நிற்பர். துயருற்றோரைச் செவ்வி காணச் சென்று, தாமே உறக்கமிழந்து வருவோரும் அவருள் உளர். அவர்க்கு அடிக்குறிப்பு முறை கற்பித்தல் எளிது. உறக்கமிழந்த உள்ளத்தைக் கவனிக்கும் பொறுப்பு எவருடையது என்று எந்த விதியிலும் எழுதப்பட்டிருக்கக் கண்டிலேம். ஆகையால் அழைப்புக் கடிதம் கிடைக்கப்பெறும் பழைய மாணவ அன்பர்கள், ஊதியத்தைக் கேட்குமுன், ஆய்வு முடியும்வரை மாணவர்க்குப் பொறுப்பேற்கும் நிரந்தர விரிவுரையாளர் யார் என்பதை எழுத்திற் கேட்டுப் பெற்றுக்கொள்ளல் நன்று.