கூடவே ஒருத்தன்... ரெண்டு வருஷம்!

ஒரு நிமிஷம் இப்படிக் கற்பனை பண்ணிப் பாருங்க. உங்களுக்கு வயசு 18. ஸ்கூல் முடிச்சாச்சு. காலேஜ்ல இடமும் ரெடி. ஆனா நீங்க காலேஜுக்குப் போகலை. 'ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேன்'னு சொல்லிட்டு சூட்கேஸோட ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறீங்க. எந்த ஊருக்கு? அதை முடிவு பண்ணது நீங்க இல்லை. எந்த மொழி பேசப் போறீங்க? அதுவும் உங்க சாய்ஸ் இல்லை. போற இடத்துல சினிமா கிடையாது, டி.வி. கிடையாது, காதல் கிடையவே கிடையாது. சம்பளம்? ம்ஹூம்... மாசாமாசம் நீங்கதான் பணம் கட்டணும்!

'எந்த ஜெயில் சார் இது?'ன்னு கேக்காதீங்க. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துல நிறைய வீடுகள்ல பசங்க சின்ன வயசுலேர்ந்தே இதுக்காகத்தான் உண்டியல்ல காசு சேர்க்கறாங்க. மார்மன் மிஷனரி வாழ்க்கை!

'மார்மன்'ங்கிறது வெளியாட்கள் வெச்ச பட்டப்பேர். 1830ல் நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச சபை அது. முழுப்பேர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பட்டப்பேரை விட்டுட்டு முழுப்பேரைச் சொல்லுங்கன்னு 2018ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் உலகத்தையே கேட்டுக்கிட்டார். தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. இன்னிக்கு உலகம் பூரா 70 ஆயிரத்துக்கும் மேல இந்தச் சபையோட மிஷனரிகள் சுத்திக்கிட்டு இருக்காங்க. பெரும்பாலானவங்க உங்க வயசுதான். பையன்களுக்கு 24 மாசம், பொண்ணுங்களுக்கு 18 மாசம். அமெரிக்கப் பசங்கன்னா 2020 ஜூலையிலேர்ந்து மாசம் 500 டாலர் கட்டணும். கையிருப்போ, அப்பா காசோ, சபையில யாராவது உதவி பண்றதோ... அது அவங்கவங்க பாடு.

வீடு வீடா கதவைத் தட்டி மதம் பேசறது சரியா, தப்பா? அது வேற பட்டிமன்றம். அதை இங்கே கூட்டலை. நமக்கு இங்கே வேண்டியது அந்த 18 வயசுப் பையன்தான். முதல் தடவையா வீட்டை விட்டு வந்து, முதல் ராத்திரி பழக்கமில்லாத கட்டில்ல படுத்துக்கிட்டு விட்டத்தைப் பார்க்கறானே, அவன்.

மூப்பர் தம்பி!

முதல்ல பேர் போயிடும். ஜான், மைக் எல்லாம் வீட்டோட சரி. நெஞ்சுல குத்தற கறுப்பு பேட்ஜ்ல குடும்பப் பேர் மட்டும்தான். அதுக்கு முன்னால பையன்னா 'எல்டர்', பொண்ணுன்னா 'சிஸ்டர்'. எல்டர்னா மூப்பர்! மீசை முளைச்சும் முளைக்காத பையனுக்கு இந்தப் பட்டம். (முளைச்சாலும் தினம் ஷேவ் பண்ணியே ஆகணும். அது ரூல்.)

யூட்டாவில் ப்ரோவோங்கிற ஊர்ல பெரிய பயிற்சி மையம் இருக்கு. அங்கே சில வாரம் பாடம். புது மொழி பேசற நாட்டுக்குப் போறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வகுப்புல எல்லாம் சூப்பராத்தான் போகும். டீச்சர் நிதானமா பேசுவார், பையனும் பதில் சொல்வான். 'ஆஹா, நமக்கு மொழி வந்துடுச்சு'ன்னு நெனச்சுக்கிட்டே விமானம் ஏறுவான். போய் இறங்கி முதல் கதவைத் தட்டினா, உள்ளேயிருந்து வர்ற பாட்டியம்மா படபடன்னு பேசறதுல ஒரு வார்த்தை கூடப் புரியாது. பல மிஷனரிகளோட கதையில இந்தப் பாட்டியம்மா ஏதாவது ஒரு வடிவத்துல வந்துடறாங்க!

காலையில ஆறரைக்கு எழுந்திருக்கணும். அரை மணி நேரம் உடற்பயிற்சி, அப்புறம் வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. பிறகு ரோடு. ராத்திரி பத்தரைக்கு விளக்கணைக்கணும். வெள்ளைச் சட்டை, டை. பொண்ணுங்களுக்குப் பாவாடைதான்னு இருந்ததை மாத்தி, பேன்ட்டும் போடலாம்னு 2018 டிசம்பர்லதான் அனுமதிச்சாங்க. பல ஊர்கள்ல சைக்கிள்தான் வண்டி. டை கட்டிக்கிட்டு மேடு ஏறிப் பாருங்க, தெரியும் சேதி.

இதெல்லாம் ஒரு மாசத்துல பழகிடும். பழகாத சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. அதுதான் 'கம்பேனியன்'.

குறட்டையும் சேர்த்துத்தான்

இந்த மிஷன்ல யாரும் தனியா இருக்கக் கூடாது. எப்பவும் ஜோடி. ஜோடி யாருன்னு முடிவு பண்றது மிஷன் தலைவர். ஒருத்தர் கண்ணுக்கு எட்டற தூரத்துல, காதுக்குக் கேக்கற தூரத்துல இன்னொருத்தர் இருந்தே ஆகணும். சாப்பாடு, படிப்பு, கடைத்தெரு, பஸ், தூங்கற அறை... எல்லாத்துக்கும் ரெண்டு பேர். பாத்ரூம் மட்டும்தான் உங்க சொந்த ராஜ்யம்!

ஹாஸ்டல் ரூம்மேட்டையே ரெண்டாவது வாரத்துல கொல்லணும் போல இருந்திருக்கும் இல்லையா? ஆனா உங்களுக்குத் தப்பிக்க வழி இருந்தது. கேன்டீன் இருக்கு, மொட்டை மாடி இருக்கு, பக்கத்து ரூம் இருக்கு, ஒண்ணுமே இல்லைன்னா ஹெட்போன் இருக்கு. இவங்களுக்கு அந்த நாலும் கிடையாது. குறட்டை விடறவனோ, பாத்திரம் கழுவாதவனோ, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தன் ஊர்ப் பெருமை பேசறவனோ, அவன் கூடத்தான் வாழணும். சண்டை போட்டுட்டுக் கோவமா வெளியே நடக்கக்கூட முடியாது. நடந்தா அவனும் கூடவே வரணும்!

இதுக்கு சபை கண்டுபிடிச்ச வைத்தியம் கொஞ்சம் வேடிக்கையானது. ஆனா யோசிச்சா நியாயமாத்தான் படுது. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மனசுல இருக்கறதைப் பேசித் தீர்த்துக்கணும். என்ன நல்லா போகுது, எது உறுத்துது... எல்லாம். இது விருப்பம் இல்லை, வாராந்தர வேலைப் பட்டியல்லயே இருக்கு. கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஜோடிகள்ல எத்தனை பேர் இதைச் செய்யறாங்கன்னு கேட்டா, கணக்கு கொஞ்சம் சங்கடமா இருக்கும்.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை 'ட்ரான்ஸ்ஃபர்' வரும். அவன் போகலாம், நீங்க போகலாம், ரெண்டு பேரும் அப்படியே இருக்கலாம். பிடிக்காதவன் போனா நிம்மதி. ஆனா பெரும்பாலும் என்ன நடக்குமாம்னா, அஞ்சாவது வாரம்தான் அவன் ஜோக்குக்குச் சிரிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. ஆறாவது வாரம் அவன் பெட்டியைக் கட்டிடுவான்.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. மிஷனரிங்க பாஷையில 'ட்ரங்கி'ன்னு ஒரு வார்த்தை உண்டு. ட்ரங்குப் பெட்டியிலேர்ந்து வந்தது. உடம்பு இங்கேயும், மனசு பெட்டி கட்டி வீட்டுக்குக் கிளம்பியும் இருக்கற நிலைமை. புதுசா வந்தவன் 'கிரீனி'. அவனுக்கு வேலை கத்துக்குடுக்கற முதல் கம்பேனியன்தான் மிஷன் 'அப்பா'. மிஷன் முடிஞ்சு ஊருக்குப் போறதுக்கு அவங்க வெச்சிருக்கற வார்த்தை 'சாவு'! கடைசி கம்பேனியன் 'கொன்னவன்'! காலேஜ் பாஷை உங்களுக்கு மட்டும்தான் சொந்தம்னு நினைக்காதீங்க.

திங்கட்கிழமை நோய்

வாரத்துல ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், அவங்களுக்கு 'பி-டே'. துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்ட, வீட்டுக்கு எழுத. வேலை மும்முரத்துல தெரியாத வீட்டு ஞாபகம், ஓய்வு கிடைக்கற அந்த நாள்லதான் வந்து உட்காரும். முன்னாடி வெறும் கடிதம். அப்புறம் வாரம் ஒரு ஈ-மெயில். குரல் கேக்கணும்னா வருஷத்துக்கு ரெண்டே நாள்... கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 2019 பிப்ரவரியிலதான் வாராவாரம் வீட்டுக்குப் பேசலாம், வீடியோவுலயும் பேசலாம்னு விட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? வாரம் ஒரு தடவை அம்மா முகத்தைத் திரையில பார்த்துட்டு, 'நான் நல்லா இருக்கேன்'னு சிரிச்சுட்டு, கட் பண்ணின அடுத்த நிமிஷம் இருக்கே... கடிதக் காலத்துப் பசங்களுக்கு அந்த நிமிஷம் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வந்தது.

காதல்? அதுக்கும் ஒரு பிரபல கேஸ் இருக்கு. 2012ல் ஒபாமாவை எதிர்த்து ஜனாதிபதி தேர்தல்ல நின்ன மிட் ராம்னி, 1966லேர்ந்து 68 வரை பிரான்ஸ்ல மிஷனரி. அப்போ பையன்களுக்கு அங்கே முப்பது மாசம். ஒயின் குடிக்கற ஊர்ல, ஒயின் தொடாத சபையைப் பத்திப் பேசணும்! சாத்தப்பட்ட கதவுகளுக்குக் கணக்கே இல்லை. நடுவுல ஊர்லேர்ந்து காதலி ஆன் கடிதம், இன்னொரு பையனோட பழகறதா. பின்ன 1968 ஜூன்ல அவர் ஓட்டின கார் மேல எதிர்ல வந்த வண்டி மோதி, கூட வந்த மிஷன் தலைவரோட மனைவி செத்துப் போனாங்க. ராம்னியும் செத்துட்டார்னு நெனச்சு ஒரு போலீஸ்காரர் அவர் பாஸ்போர்ட்ல அப்படியே எழுதியும் வெச்சுட்டார். பிழைச்சு எழுந்தவர் உடனே ஊருக்கு ஓடலை. டிசம்பர் வரைக்கும் இருந்து முடிச்சுட்டுத்தான் திரும்பினார். ஏர்போர்ட்டுக்கு ஆன் வந்திருந்தாங்க. 1969 மார்ச்ல கல்யாணம்!

இதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1853ல் ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒருத்தர் யூட்டாவில் மனைவி, குழந்தைகளை விட்டுட்டுக் கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கினார். கையில காசு வெச்சுக்காம கிளம்பறதுதான் அப்போ அவங்க வழக்கம். போற இடத்துல யார் சோறு போடறாங்களோ, அதுதான். சென்னை வெயில்ல ஒரு வருஷம் துண்டுப் பிரசுரம் அச்சடிச்சு, கூட்டம் போட்டு, விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் ஆள் சேர்ந்தாங்க. வீட்டுக் கடிதம் வந்து சேரவே மாசக்கணக்கு ஆகற காலம். அவருக்கு யார் சொல்லியிருப்பாங்க, 'இது உனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் வர்றதுதான்'னு?

ரெண்டு பதில்

இனி விஷயத்துக்கு வர்றேன். 1933ல் கார்டன் ஹிங்க்லின்னு ஒரு 23 வயசு இளைஞர், யூட்டா பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்சுட்டு, இங்கிலாந்துல ப்ரெஸ்டன்ங்கிற மில் ஊருக்கு வந்தார். அம்மா இறந்து மூணு வருஷம்கூட ஆகலை. வந்த இடத்துல பூந்தூள் அலர்ஜி, தும்மல், கண்ணீர். பேசினா கேக்க ஆள் இல்லை. 'என் நேரமும் வீண், உங்க பணமும் வீண்'னு அப்பாவுக்கு எழுதிட்டார். அப்பா அனுப்பின பதில் ரெண்டே வரி. உன்னை மறந்துட்டு வேலையைப் பார்... அவ்வளவுதான் சாரம்! பையன் அறைக்குப் போய் மண்டியிட்டு ஜெபம் பண்ணினார், இருந்தார், முடிச்சார். பின்னாளில், 1995லேர்ந்து 2008 வரைக்கும், மொத்த சபைக்கும் அவர்தான் தலைவர். தலைமுறை தலைமுறையா மிஷனரிகளுக்கு இந்தக் கதையைத்தான் மருந்தா ஊட்டினாங்க.

மருந்து எல்லாருக்கும் ஒத்துக்குமா? 2012 அக்டோபர்ல சபை வயசு வரம்பைக் குறைச்சது. பையன்களுக்கு 19லேர்ந்து 18, பொண்ணுங்களுக்கு 21லேர்ந்து 19. அப்போ 58 ஆயிரம் சொச்சமா இருந்த மிஷனரிகள், அடுத்த வருஷக் கடைசியில 80 ஆயிரத்தைத் தாண்டிட்டாங்க. அம்மா கையால சாப்பிட்டுட்டு நேரா விமானம் ஏறின கூட்டம். அதே 2013ல் சபை ஒரு சின்னப் புத்தகம் போட்டது. மிஷன் வாழ்க்கைக்குப் பழகிக்கறது எப்படின்னு. அதுல மனசுக்கு ஒரு சிக்னல் விளக்கு! பச்சைன்னா சவாலைச் சமாளிக்கறீங்க. மஞ்சள்னா சிரமம், ஆனா ஓட்டிடுவீங்க. ஆரஞ்சுன்னா சோர்வு தீரலை, உதவி கேளுங்க. சிவப்புன்னா தனியா சுமக்காதீங்க, உடனே மிஷன் தலைவர்கிட்ட சொல்லுங்க. வீட்டு ஞாபகம் வர்றது நம்பிக்கைக் குறைவு இல்லை, அது இயல்புன்னு சபையே அச்சடிச்சுக் குடுத்துடுச்சு. 1933ல் அப்பா எழுதின ரெண்டு வரிக்கு இதுவும் ஒரு பதில்தான், எண்பது வருஷம் தாமதமா வந்த பதில்.

எனக்கு ரெண்டுமே வேணும்னு தோணுது. மஞ்சள்ல நிக்கறவனுக்கு அப்பா கடிதம் அருமையான டானிக். நாலு பேருக்கு வேலை செஞ்சா, தன் தும்மல் மறந்து போகும். ஆனா சிவப்புல நிக்கறவன்கிட்ட அதே கடிதத்தைக் குடுத்தா, அது டானிக் இல்லை, பாறாங்கல். பிரச்னை என்னன்னா, நிக்கறவனுக்கே தான் எந்த விளக்குல நிக்கறோம்னு பல நேரம் தெரியாது. அங்கேதான் அந்தக் குறட்டை கம்பேனியன் முக்கியமாகறான். பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, இவன் மூணு நாளா சரியா சாப்பிடலைங்கறதை முதல்ல பார்க்கறவன் அவன்தானே!

பாதியில திரும்பி வர்றவங்க கதைதான் கஷ்டம். ஏர்போர்ட்ல பலூன், பேனர், தாத்தா பாட்டியோட ஊரே வரவேற்க வர்றது முழுசா முடிச்சவங்களுக்கு. உடம்புக்கு முடியாம, மனசுக்கு முடியாம ஏழாவது மாசம் திரும்பற பையனை அப்பா மட்டும் வந்து கூட்டிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல எல்லாரும் ரொம்ப அன்பா, ரொம்ப ஜாக்கிரதையா பேசுவாங்க. அந்த ஜாக்கிரதைதான் குத்தும். இப்போ அப்படித் திரும்பறவங்க வீட்டில இருந்தபடியே, பக்கத்துல இருக்கற உணவு வங்கி மாதிரி இடங்கள்ல வேலை செஞ்சு மிச்ச காலத்தை முடிக்க வழி இருக்கு. அதுக்கும் கறுப்பு பேட்ஜ் உண்டு.

முழுசா முடிச்சவங்களுக்கும் ஒரு பாக்கி இருக்கும். உள்ளூர்த் தலைவர் 'உன் மிஷன் முடிஞ்சுது'ன்னு சொன்னதும் பேட்ஜைக் கழட்டணும். அன்னிக்கு ராத்திரி சொந்த அறை, சொந்தக் கட்டில், பழைய போஸ்டர். மறுநாள் கடைக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் போனவன், கம்பேனியன் ஷூ மாட்டிக்கிட்டு வரட்டும்னு அங்கேயே நின்னுட்டு இருப்பான்.