பாறை விளிம்பும் 7 மில்லிமீட்டர் கயிறும்

1966 மார்ச் 22. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலை வடக்கு முகத்தில், குழுத் தலைவர் ஜான் ஹார்லின் ஏற்கெனவே கட்டிவைத்திருந்த கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். அமெரிக்க விமானப் படையில் விமானியாக இருந்தவர், வயது 30. கயிற்றின் தடிமன் 7 மில்லிமீட்டர். சற்று முன்புதான் குழுவில் ஒருவரான டூகல் ஹாஸ்டன் அதே கயிற்றில் பத்திரமாக ஏறிப் போயிருந்தார். ஹார்லின் ஏறும்போது அது அறுந்தது. ஆயிரம் மீட்டருக்கும் மேல் விழுந்து இறந்தார். மூன்று நாள் கழித்து ஹாஸ்டனும் நான்கு ஜெர்மானியர்களும் உச்சியைத் தொட்டார்கள். அந்த வழி இன்றும் ஹார்லின் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு ஆளின் பாரத்தில் அறுந்துபோகிற கயிறு அல்ல அது. பாறை விளிம்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. கயிற்றைக் கவ்வும் ஜூமார் கருவியோடு ஏறுபவர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நைலான் சில சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். மேலே விளிம்பில் அதே இடம் திரும்பத் திரும்பக் கல்லில் தேயும். ராட்டினம் இல்லாத பழைய கிணறுகளில் கயிறு கல்லில் பள்ளம் பறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் இது தலைகீழ், கல் ஜெயித்துவிடும். கொடுமை என்னவென்றால், தேய்கிற இடம் தொங்குபவர் கண்ணில் படுவதே இல்லை.

இன்றைய கயிறுகளின் பலத்தில் குறை சொல்ல முடியாது. 1953-இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் கொண்டுவந்த அமைப்புதான் இப்போதும்: உள்ளே பாரம் தாங்கும் நூல்கற்றை, வெளியே பின்னிய உறை. ஒற்றைக் கயிறாக விற்கப்படுவது, 80 கிலோ எடை விழும் சோதனையில் குறைந்தது ஐந்து விழுதல்களைத் தாங்கியாக வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் கயிறு மடங்கும் உலோக விளிம்பு 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வழவழப்பாக உருட்டப்பட்டது. உடைந்த கருங்கல்லின் முனை அப்படியா இருக்கும்? ஜெர்மன் ஆல்பைன் சங்கத்துக்காகப் பல ஆண்டுகள் விபத்துகளை ஆராய்ந்த பிட் ஷூபர்ட் கண்டதும் இதுதான்: நல்ல கயிறு முடிச்சிலோ காரபினர் என்ற உலோகக் கொக்கியிலோ அறுவதில்லை, கூர்விளிம்பில் அறுகிறது, அல்லது அமிலம் பட்டுக் கெடுகிறது. விலை உயர்ந்த கயிறு வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி இங்கே உதவாது. அராமிட் இழை சேர்த்த புதுவகைக் கயிறுகள் வெட்டுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

தளர்ந்து கிடக்கும் கயிற்றைக் கத்தியால் அறுக்கச் சிரமப்பட வேண்டும். ஆள் தொங்கி விறைத்த கயிற்றில் கத்தி லேசாகப் பட்டாலே போதும். அதனால்தான் பக்கவாட்டில் ஊசலாடி விழுவது மிக மோசம். விறைத்த கயிறு விளிம்பின் நீளம் முழுக்க இழுபடுகிறது.

கயிறு விளிம்பைத் தொடாமலே பார்த்துக்கொள்வதுதான் முதல் பாதுகாப்பு. மேலே பிணைக்கும் நாடாவை நீளமாக்கினால், கயிறு தொங்கும் இடம் விளிம்பைத் தாண்டி வந்துவிடும். குகைக்குள் இறங்குவோர் விளிம்புக்குக் கீழே இன்னொரு பிணைப்பு போட்டுக் கயிற்றை அங்கிருந்து புதிதாகத் தொங்கவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வழி இல்லை. இரண்டுக்கும் இடமில்லாதபோதுதான் தடித்த கேன்வாஸ் உறை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாரம் ஏறியதும் கயிறு நீளும். உறையும் கூடவே கீழே நகர்ந்துவிடும். ஆகவே கயிற்றில் பாரம் ஏற்றிய பிறகு, உறை விளிம்பில்தான் இருக்கிறதா என்று பார்த்து, சிறு கயிற்றால் அதை இறுகக் கட்ட வேண்டும். பக்கவாட்டில் இழுபடும் கயிற்றை இந்த உறை காக்கும் என்று நம்பக் கூடாது.

கூர்விளிம்பு பாறையில் மட்டும் இல்லை. மணல் ஏறிய கயிறு ஓடி ஓடி, பாறையிலேயே விட்டுவைத்த அலுமினிய காரபினர்களில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் ஓரம் கத்திமுனைக்குச் சமம். அப்படிப்பட்டதைக் கண்டால் உடனே கழற்றி எறியுங்கள்.

ஏறி முடித்ததும் கயிற்றை அடி அடியாக விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருக்கிறதா, ஏதாவது இடம் தட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் நெகிழ்கிறதா? கயிற்றின் வெளியுறை கிழிந்து உள்நூல் தெரிந்தால் அந்தக் கயிற்றில் இனி யாரும் தொங்கக் கூடாது.

மலையேற்ற முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் சொல்கிறேன்: “கயிறு எத்தனை கிலோ தாங்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். விளிம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள்.