களத்துக்கு ஏற்ற மடிக்கணினி: தேர்வும் உபயோகமும்

மண் மாதிரி எடுக்கச் செல்லும் உதவியாளரின் பையில் முன்பு மண்வெட்டியும் துணிப்பைகளும் பென்சிலும் பதிவேடும் இருந்தன. இன்று அவற்றோடு மடிக்கணினியும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ராஜஸ்தானத்திலுள்ள சூரத்கட் என்னும் ஊரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பெற்றது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 12 இயல்புகளைச் சோதிக்க வேண்டுமென அத்திட்டம் வகுத்தது. ஒரு மாதிரியின் எண் மாறி வேறொரு நிலத்தின் பெயரில் பதிவாகிவிடுமானால், அண்டை நிலத்துக்குரிய உரத்தை ஒரு விவசாயி தம் நிலத்தில் இடுவார். விளைச்சல் குறைந்த பின்னரும் அதன் காரணம் அவருக்குத் தெரியாது போகலாம்.

மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். விதைப்புக்கு முன் எடுத்த அளவையும், ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியர் குறித்து வைத்த மாணவர் மதிப்பெண்களையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே, கருவி வேலை செய்யவேண்டிய இடம் எது, அதிலுள்ள விவரங்கள் எவ்வாறு காக்கப்படும் என்னும் இரண்டு கேள்விகளே தேர்வுக்கு அடிப்படையாக அமையவேண்டும். வேகமும் தோற்றமும் அவற்றுக்குப் பின்னரே வரத்தக்கவை.

பெட்டியிலிருந்து மடிக்கு

கையிலெடுத்துச் செல்லக்கூடிய கணினி என்னும் எண்ணம் புதிதன்று. அமெரிக்க விஞ்ஞானி ஆலன் கே, சிறுவர்களும் ஏந்திச் செல்லத்தக்க புத்தக வடிவக் கணினியொன்றை 1972ஆம் ஆண்டிலேயே தம் கட்டுரையில் விவரித்தார். 1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் கணினி ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. அதன் திரை 5 அங்குலமே. அதனுள் மின்கலமும் இல்லை. மறு ஆண்டில் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்னும் கணினியில், திரை விசைப்பலகையின் மீது மடிந்து மூடும் அமைப்பு இருந்தது. இன்றைய மடிக்கணினிகளின் வடிவம் அதனையே ஒத்தது. சாதாரண உபயோகத்துக்குரிய கருவிகள் இப்போது பெரும்பாலும் 1.2 கிலோ முதல் 2 கிலோ வரை எடையுள்ளவை. நாள்தோறும் நடந்தோ, பேருந்திலோ செல்லும் அலுவலருக்கு இவ்வரம்பினுள்ளும் அரைக் கிலோ குறைதல் பெரிய சௌகரியமாகும்.

மின்கலத்தைக் கணக்கிடுதல்

1991ஆம் ஆண்டு வாணிகத்துக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமே இவ்வெடைக் குறைவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதனை உருவாக்கியமைக்காக குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

மின்கலம் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்தலாகாது. எளிய வகுத்தற் கணக்கினால் அதனை அறியலாம். மின்கலத்தின் கொள்ளளவு 50 வாட்-மணி என்றும், கருவி சராசரியாக 10 வாட் செலவிடுகிறது என்றும் கொண்டால், 5 மணி நேரம் கிடைக்கும். திரையின் ஒளியைக் குறைத்து, எழுதும் வேலை மட்டும் செய்து, செலவு 7 வாட்டாக இறங்கினால் அதே மின்கலம் ஏழு மணி நேரம் வரை உழைக்கும். வெயிலில் திரையொளியை முழுமையாக வைத்தால் இந்நேரம் குறைந்துவிடும்.

புதுக் கருவியின் கணக்கு மட்டும் போதாது. பலநூறு முறை மின்னேற்றம் செய்தபின் மின்கலம் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழத்தல் இயல்பு. முதலாண்டில் 5 மணி தந்தது சில ஆண்டுகளில் 4 மணியே தரும். ஆகவே, நாளொன்றுக்கு 5 மணி நேரம் களத்தில் வேலை செய்பவர் 7 மணியேனும் தரவல்ல கருவியைத் தேடுதல் நன்று. யூஎஸ்பி-சி முனையின் வழியே மின்னேற்றம் பெறும் கருவியாயின், அதற்கேற்ற திறனுள்ள வெளி மின்கலத்தையோ ஜீப்பிலுள்ள மின்னேற்றியையோ அவசரத்துக்குத் துணையாகக் கொள்ளலாம்.

திரையும் உள்ளமைப்பும்

அறைக்குள் தெளிவாகத் தெரியும் திரை, வயல் வரப்பில் கண்ணாடி போலாகி முகத்தையே காட்டும். திரையின் ஒளியளவு ‘நிட்’ என்னும் அலகினாற் குறிக்கப்படுகிறது. அறைக்கு 250 நிட் போதும். வெளியில் நிழலிருந்தும் வேலை செய்ய 400 நிட்டுக்கு மேற்பட்டது வேண்டும். பளபளப்பற்ற மேற்பரப்புள்ள திரை பிரதிபலிப்பைக் குறைக்கும். இதனைக் கடை விளக்கொளியில் சோதிப்பதால் பயனில்லை. கருவியை வாசலுக்கு எடுத்துச் சென்று, பகலொளியில் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறே தமிழில் பத்து வரிகளைத் தட்டச்சுச் செய்து பார்த்தால் விசைப்பலகையின் தன்மையும் தெரியவரும்.

விவரங்களைச் சேமிக்கச் சுழலும் வட்டு உடைய பழைய கருவிகள் அதிர்ச்சியைத் தாங்கமாட்டா. அசையும் பாகமில்லாத திண்மநிலைச் சேமிப்பகமே கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றது. ஆயினும் அதுவும் முன்னறிவிப்பின்றிப் பழுதுபடக்கூடும். அட்டவணை, கடிதம், பாடப்படம் ஆகிய பணிகளுக்கு 8 ஜிகாபைட் நினைவகம் குறைந்த அளவு. பல ஆண்டுகள் உபயோகிக்கக் கருதினால் 16 ஜிகாபைட் உகந்தது.

கம்பியில்லாத் தொடர்பு

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். இன்று மடிக்கணினியிலுள்ள வைஃபை என்னும் கம்பியில்லா அமைப்பும் மின்காந்த அலைகளைக் கொண்டே இயங்குகிறது. இதற்கான முதல் தரநிர்ணயம் 1997இல் வெளியாயிற்று. 1999இல் வந்த ஆப்பிள் ஐபுக், இவ்வசதியைப் பொதுமக்களுக்கான மடிக்கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று.

இவ்வமைப்பு பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவரினால் எளிதில் வலுவிழக்கும். எனவே தலைமையாசிரியர் அறையிலுள்ள கருவியின் அலை மூன்றாம் வகுப்பறைக்கு எட்டவில்லையெனில், மடிக்கணினியைக் குறைகூறுமுன் அலைவரிசையை மாற்றிப் பார்ப்பது முறை.

வைஃபையின் எல்லை சில பத்து மீட்டர்களே. அதற்கப்பால் இணையத்தைக் கொண்டுவருவது கம்பி, ஒளியிழை அல்லது கைப்பேசிக் கோபுரம். மலைப்பாங்கான இடங்களில் இவை மூன்றும் இல்லாதிருக்கலாம். ஆகவே வரைபடங்களையும் படிவங்களையும் பாடப்படங்களையும் புறப்படுமுன்பே கருவியில் இறக்கிவைத்தல் வேண்டும். இணையம் கிடைத்தால்தான் பாடம் என்றிருக்கும் வகுப்பு, ஒரு மின்தடையால் நின்றுவிடும்.

கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் விவசாயிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, மாணவர் விவரம் ஆகியவற்றை அனுப்புதல் தகாது. தம் கைப்பேசியின் இணைப்பைக் கடவுச்சொல்லுடன் பகிர்ந்துகொள்வது மேலானது. அலுவலகத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்னும் பாதுகாப்பு முறை அமைந்திருத்தல் வேண்டும். கருவியிலுள்ள சேமிப்பகம் முழுவதையும் மறையீடு செய்துவிட்டால், கருவி களவு போயினும் பிறருடைய அந்தரங்கம் களவு போகாது.

வெயிலும் மழையும்

கோடையில் மூடிய வாகனத்தினுள் வெப்பநிலை 60 பாகைக்கு மேலும் உயரக்கூடும். லித்தியம் மின்கலத்துக்கு இது பெருங்கேடு. மின்னேற்றம் செய்யும்போது வெப்பநிலை 45 பாகையைக் கடவாதிருத்தல் நலம். இதற்கு மாறாக, லடாக் போன்ற பிரதேசங்களில் குளிரினால் மின்கலத்தின் உழைப்பு குறையும். உறைநிலைக்குக் கீழ் இருந்த கருவியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின்னரே மின்னேற்றம் செய்யவேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து மழைக்காலத்து ஈரக்காற்றுக்கு வந்தவுடன் கருவியைத் திறந்தால் அதன்மேல் நீர்த்துளிகள் படியும். பையிலேயே அரைமணி நேரம் வைத்திருந்து பின் திறப்பது பாதுகாப்பு. படுக்கையின் மீதோ துணியின் மீதோ வைத்து உபயோகித்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு உஷ்ணம் மிகும்.

வாங்கும் வேளை

மடிக்கணினிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. கருவியிலும் மின்னேற்றியிலும் அப்பதிவுக் குறி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பழுதுபார்க்கும் நிலையம் மாவட்டத் தலைநகரில் உள்ளதா, மின்கலத்துக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, உதிரி மின்கலம் கிடைக்குமா என்னும் மூன்றையும் கேட்டு, விடைகளை ரசீதுடன் எழுத்தில் பெறுதல் விவேகம். உழைத்து ஓய்ந்த கருவியைக் குப்பையில் எறியாமல், விவரங்களை முற்றிலும் அழித்தபின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

மாலைப் பொழுதின் கடமை

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், விவரத்துக்கு ஒரே படி இருக்குமானால் அது பாதுகாப்பில் இல்லை. களத்திலிருந்து திரும்பியதும் அன்றைய பதிவை வேறொரு சேமிப்புக் கருவியில் படியெடுத்து, அதனை மடிக்கணினியுடன் ஒரே பையில் வையாது தனியே வைக்கவேண்டும். இணையம் கிடைத்த வேளையில் அலுவலகத்துக்கு மூன்றாம் படியை அனுப்பலாம். கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருத்தல் வேண்டும். ‘புதியது’, ‘கடைசி’ போன்ற பெயர்கள் மறுவாரமே குழப்பம் தரும். தமிழ்ப் பதிவுகள் யூனிகோடு முறையில் இருத்தல் அவசியம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

படியெடுத்தபின் அதனைத் திறந்து, மாதிரிப் பைகளின் எண்களோடு பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கணினி தனக்கு இடப்பட்ட எண்ணைப் பிழையின்றிக் காக்கும்; இடப்பட்டதே பிழையாயின் அப்பிழையையும் அவ்வாறே காக்கும். பைகள் கண்ணெதிரே இருக்கும்போது இப்பிழையைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். ஆய்வகத்துக்குச் சென்றபின் அதனைக் கண்டுபிடிப்பது மிக அரிது. அட்டையைப் பெறும் விவசாயி அதில் அச்சிட்ட எண்களை நம்பியே உரம் வாங்குகிறார். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு, கருவியை உபயோகிப்பவரையே சாரும்.