ரத்தப் பரிசோதனையில் பைபோலார் தெரியுமா? சி.ஆர்.பி. சொல்வதும் சொல்லாததும்

"சி.ஆர்.பி. எவ்வளவு?" கோவிட் காலத்தில் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் புரதம் அது, கல்லீரல் தயாரிப்பது. இப்போது பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு குறித்த ஆய்வுகளிலும் அது அடிக்கடி தலைகாட்டுகிறது.

காலையில் சிரிப்பு, மாலையில் சிடுசிடுப்பு என்பதல்ல பைபோலார். ஒரு வாரமோ அதற்கும் மேலோ தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போவது 'மேனியா'. இன்னொரு பக்கம், படுக்கையை விட்டு எழவே முடியாத மனச்சோர்வு. இடையில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, எல்லாரையும் போல இயல்பாக இருப்பார்கள்.

27 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான அலசலில், இவர்களுக்கு இயல்பான நாட்களிலும் மனச்சோர்வின்போதும் சி.ஆர்.பி. அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மேனியாவின்போது இன்னும் அதிகம்.

காய்ச்சலுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

காய்ச்சல் வந்தால் யாரையும் பார்க்கப் பிடிக்காது, சாப்பாடு இறங்காது, போர்த்திக்கிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும். இதைச் செய்வது பெரும்பாலும் கிருமி அல்ல. நம் நோய் எதிர்ப்பு மண்டலமே சைட்டோகைன் எனும் தூதுப் புரதங்கள் வழியாக மூளைக்கு அனுப்பும் உத்தரவு. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், அதுவரை மனநலப் பிரச்சினையே இல்லாத பலருக்கு மனச்சோர்வு வந்தது. அரிதாகச் சிலருக்கு மேனியாவும். இன்டர்ஃபெரானும் ஒரு சைட்டோகைன்தான்.

அப்படியானால் சி.ஆர்.பி. பார்த்தே பைபோலாரைக் கண்டுபிடித்துவிடலாமா? முடியாது. ஈறு வீக்கம், சிகரெட், தொப்பை, சாதாரணத் தொற்று என எதற்கும் அது ஏறும். போதாக்குறைக்கு, பைபோலார் மருந்துகளில் சில உடல் எடையைக் கூட்டும். எடை கூடினால் அழற்சியும் கூடும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது லேசில்லை. எனவே, 'ஃபுல் பாடி செக்கப்' ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. எகிறியிருப்பதைப் பார்த்து கூகுளில் மனநோய் தேட வேண்டாம். மருத்துவர் உட்கார்ந்து பேசி, வீட்டாரிடமும் விசாரித்துத்தான் பைபோலாரை உறுதிசெய்ய முடியும்.

அழற்சியைக் குறைத்தால்?

முயன்று பார்த்தார்கள். மூட்டுவாத நோய்க்குத் தரப்படும் இன்ஃப்ளிக்ஸிமேப் மருந்தை பைபோலார் மனச்சோர்வுக்கு 60 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: மொத்தத்தில் போலி மருந்தைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுவயதில் உடல்ரீதியான வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. பாகிஸ்தானில் 266 பேரிடம் மினோசைக்ளின், செலிகாக்ஸிப் மருந்துகளைச் சோதித்த 2020 ஆய்வும் கைகொடுக்கவில்லை.

ஆபத்து இங்கேதான். 'அழற்சிதானே, ஒரு மாத்திரை போட்டால் போச்சு' என்று யாராவது நினைத்தால் விபரீதம். 1949 முதல் பைபோலாருக்குப் பயன்பட்டுவரும் லித்தியம் சாப்பிடுபவர்கள், பல்வலிக்கோ முதுகுவலிக்கோ கடையில் கேட்டு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், குழப்பம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்துமா, அலர்ஜிக்குத் தரும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் அழற்சியைக் குறைப்பவைதான்; ஆனால் அவையே சிலருக்கு மேனியாவைக் கிளப்பிவிடும். பல் டாக்டரோ தோல் டாக்டரோ, யாரிடம் போனாலும் லித்தியம் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிக்குப் பொதுவாக பாரசிட்டமால் பாதுகாப்பானது என்றாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

லித்தியம் எடுப்பவர்கள் தவறவிடக் கூடாத ரத்தப் பரிசோதனைகள் வேறு: லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைராய்டு. மருத்துவர் சொன்ன இடைவெளியில் இவற்றைப் பார்த்துவர வேண்டும்.