ஜெட்மேன் தொடரின் இறுதிப் பகுதிகள்

சோஜின் சென்டாய் ஜெட்மேன் என்பது 1991 பிப்ரவரி 15 முதல் 1992 பிப்ரவரி 14 வரை சப்பானின் டிவி அசாகி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சிறுவர் தொடர் ஆகும். வெள்ளிக்கிழமை மாலைகளில் வெளிவந்த இத்தொடர் மொத்தம் 51 பகுதிகள் கொண்டது. டோயி நிறுவனம் தயாரித்த சூப்பர் சென்டாய் வரிசையில் இது 15ஆவது தொடர். 'சோஜின்' என்றால் பறவை மனிதர் என்றும், 'சென்டாய்' என்றால் போர்ப்படை அணி என்றும் பொருள். தலைமை இயக்குநராக அமேமியா கெய்தாவும், முதன்மைத் திரைக்கதையாசிரியராக இனோவே தொஷிகியும் பணியாற்றினர். இக்கட்டுரை தொடரின் இறுதிப் பகுதிகளை, குறிப்பாக 47ஆம் பகுதியையும் 49 முதல் 51 வரையிலான பகுதிகளையும் விளக்குகிறது.

வழக்கமான அமைப்பு

சூப்பர் சென்டாய் வரிசை 1975இல் 'கோரெஞ்சர்' தொடருடன் தொடங்கியது. பெரும்பாலான தொடர்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஓடின. ஐந்து வீரர்கள், ஆளுக்கொரு நிறத்தில் உடை, எல்லாரும் சேர்ந்து இயக்கும் மாபெரும் இயந்திர மனிதன் ஆகியவை இவ்வரிசையின் அடையாளங்கள். வாரந்தோறும் பகைவர்கள் ஓர் அரக்கனை அனுப்புவார்கள். வீரர்கள் அதை வெல்வார்கள். அரக்கன் மலைபோல் வளர்ந்து மீண்டும் வரும். இயந்திர மனிதன் அதை வீழ்த்தும். அடுத்த வாரம் புதிய அரக்கன் வரும்.

இந்த அமைப்பில் ஒரு வாரத்தின் துயரம் மறுவாரத்துக்குத் தொடர்வது குறைவு. ஆண்டின் கடைசி வாரங்களில்தான் கதை அந்த வட்டத்தை விட்டு வெளியே வரும். பகைவரின் தலைவர்கள் தாமே களத்தில் இறங்குவார்கள். அதுவரை தள்ளிப் போடப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஜெட்மேன் தொடர் தள்ளிப் போட்ட கேள்வி, போரில் வென்ற பின் அதற்கான விலையை யார் கொடுப்பது என்பது.

முன்கதை

புவியைக் காக்கும் 'ஸ்கை ஃபோர்ஸ்' என்னும் அமைப்பு, மனிதருக்குப் பறவையின் ஆற்றலைத் தரும் ஒருவகை அலையை உருவாக்குகிறது. பயிற்சி பெற்ற ஐந்து வீரர்களுக்கு அதைச் செலுத்துவதே திட்டம். முதல் வீரனான டெண்டோ ரியூ அதைப் பெற்று முடித்த வேளையில், மறுபரிமாணத்திலிருந்து வந்த வைராம் என்னும் கூட்டம் விண்ணிலுள்ள தளத்தைத் தாக்குகிறது. ரியூவின் காதலி ரியே அவன் கண்முன்னே விண்வெளிக்குள் இழுத்துச் செல்லப்படுகிறாள். மிச்சமிருந்த அலை புவியில் விழுந்து, தொடர்பே இல்லாத நான்கு பேர் மீது படுகிறது.

அந்த நால்வர்: செல்வர் வீட்டுப் பெண் கவோரி, காய்கறி வேளாண்மையை உயிராக நேசிக்கும் ரைதா, பள்ளி மாணவி அகோ, சூதாட்டமும் மதுவும் மோட்டார் சைக்கிளுமாகத் திரியும் யூக்கி கய். தளபதி ஒதாகிரி அயாவும் ரியூவும் இவர்களைத் திரட்டி அணியாக்க முயல்கிறார்கள். யாருக்கும் கட்டுப்படாத கய் தொடக்கம் முதலே ரியூவுடன் மோதுகிறான்.

மோதலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கய் கவோரியை விரும்புகிறான். கவோரியின் மனம் ரியூவிடம் இருக்கிறது. ரியூவோ இழந்த ரியேயை மறக்க முடியாமல், கடமை என்னும் போர்வைக்குள் துயரத்தை மறைத்து வைத்திருக்கிறான். பிற்பகுதியில் கவோரியும் கய்யும் நெருங்கிப் பழகினாலும், வளர்ந்த சூழலின் வேறுபாடு இருவரையும் பிரித்துவிடுகிறது.

வைராம் கூட்டத்தின் தலைவர்கள் ராடிகே, மரியா, கிரே, டிரான் ஆகிய நால்வர். கிரே ஓர் இயந்திர மனிதன். டிரான் சிறுவன். நினைவு அழிக்கப்பட்டு, பகைவரின் தலைவியாக மாற்றப்பட்ட ரியேதான் மரியா. நால்வரும் ஒருவரை ஒருவர் முந்தத் துடிப்பவர்கள். ஜெட்மேன் அணி வேற்றுமைகளைக் கடந்து மெல்ல ஒன்றுபடும்போது, வைராம் கூட்டம் உள்ளிருந்தே உடைகிறது.

டிரான்சாவின் வீழ்ச்சி

சிறுவன் என்று மற்றவர்கள் இகழ்ந்ததைத் தாங்காத டிரான், பிற்பகுதியில் தன் சினத்தின் வேகத்தால் ஒரேயடியாக வளர்ந்து பெரியவனாகிறான். டிரான்சா என்று பெயர் சூட்டிக்கொண்டு, தன்னைப் பேரரசனாக அறிவித்து, மற்ற மூவரையும் அடக்கி ஆள்கிறான். அதிகம் அவமதிக்கப்படுபவன் ராடிகே.

47ஆம் பகுதியில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஜெட்மேன் அணியுடன் நடந்த போரில் தோற்று நிற்கும் டிரான்சா ராடிகேயின் கையில் சிக்குகிறான். ராடிகே அவனைக் கொல்லவில்லை. அறிவு குலைந்து, தான் யார் என்றே அறியாத மனிதனாக மருத்துவமனையில் கிடக்கும்படி விட்டுவிடுகிறான். சிறுவர் தொடரின் பகைவர்கள் பெரும்பாலும் வெடித்துச் சிதறுவார்கள், பார்வையாளர் கைதட்டுவார்கள். இங்கே கைதட்ட இடமில்லை. கொடியவனுக்கு நேர்ந்த முடிவைக் கண்டு இரக்கமும் அச்சமும் ஒன்றாகத் தோன்றுகின்றன. இறுதிப் பகுதிகளின் தொனி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மரியாவின் இறப்பு

49ஆம் பகுதியின் தலைப்பே மரியாவின் காதலையும் இறப்பையும் குறிக்கிறது. ராடிகேயின் பிடியில் மனிதத் தன்மையை இழந்துகொண்டிருக்கும் மரியாவை மீட்க ரியூ போராடுகிறான். இறுதியில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. ஆனால் நினைவு திரும்பியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மரியாவாக இருந்தபோது செய்த கொலைகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ரியூவுடன் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாது என்று அவள் உணர்கிறாள்.

அவள் ராடிகேயை முதுகில் வாளால் குத்துகிறாள். அவன் அவளை வெட்டி வீழ்த்துகிறான். தன்னை மறந்துவிடும்படி ரியூவிடம் கூறிவிட்டு, அவளை நெடுநாள் மௌனமாக நேசித்த கிரேயின் கைகளில் அவள் உயிர் விடுகிறாள். வீரனுக்குக் காதலி திரும்பக் கிடைப்பாள் என்று ஓராண்டு காத்திருந்த சிறுவர்களுக்கு, அவள் சில நொடிகள் மட்டுமே திரும்பக் கிடைக்கிறாள்.

தனித்தனிப் போர்கள்

50ஆம் பகுதியில் ரியூ தன் கட்டுப்பாட்டை முற்றிலும் இழக்கிறான். கடமையைத் தவிர வேறொன்றையும் பேசாதவன், பழிவாங்கும் வெறியுடன் தனியே புறப்படுகிறான். அணிக்கு ஒழுங்கு கற்பித்தவனை இப்போது அணிதான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொடரின் தொடக்கத்தில் ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் நின்றவர்கள் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறார்கள் என்பதை இந்த இடம் காட்டுகிறது.

மறுபுறம் கய்யும் கிரேயும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். தொடர் முழுவதும் இந்த இருவருக்கும் ஓர் ஒப்புமை இருந்து வந்தது. இருவரும் புகைப்பவர்கள், தனியர்கள். இருவரும் தமக்குக் கிடைக்காத பெண்ணை நேசித்தவர்கள். கய் வெல்கிறான். சாகும் நிலையிலுள்ள கிரேக்குக் கடைசியாக ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொடுக்கிறான். வென்றவனிடம் களிப்பு இல்லை. தோற்றவனிடம் வெறுப்பு இல்லை.

இறுதிப் போரும் திருமணமும்

51ஆம் பகுதியில் ராடிகே, ராகெம் என்னும் பேருருவம் கொண்டு வருகிறான். ஜெட் இக்காரஸ், ஜெட் கருடா என்னும் இயந்திர மனிதர்களைக் கொண்டு அணி போரிடுகிறது. முதலாவது கிரேக்கக் கதையில் இறகு கட்டிப் பறந்தவனின் பெயர். இரண்டாவது நம்மவர்க்கு நன்கு தெரிந்த கருடனின் பெயர். ராகெமின் வலிமைமிக்க உடலில் ஒரே ஒரு பலவீனம் இருக்கிறது. அது மரியா முதுகில் குத்திய காயம். இறந்துபோன பெண் விட்டுச் சென்ற அந்தத் தழும்பு வழியாகவே வெற்றி வருகிறது.

பெரும்பாலான தொடர்கள் இங்கே முடிந்துவிடும். ஜெட்மேன் மூன்றாண்டுகள் தாண்டிச் செல்கிறது. ரியூவுக்கும் கவோரிக்கும் திருமணம். ரைதா தன் வேளாண்மையில் இருக்கிறான். அகோ பாடகியாகப் புகழ் பெற்றிருக்கிறாள். கய் மணமக்களுக்காகப் பூங்கொத்து வாங்குகிறான். அப்போது ஒரு பெண்ணின் கைப்பையை ஒருவன் பறிக்க, கய் குறுக்கிட்டுத் தடுக்கிறான். திருடன் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறான்.

கய் அந்தக் காயத்தை மறைத்துக்கொண்டு திருமணத்துக்கு வந்து, வெளியே ஒரு பலகை இருக்கையில் அமர்கிறான். முகம் வெளிறியிருப்பதைக் கண்டு ரியூ கேட்க, முந்தைய இரவு குடித்தது அதிகமாகிவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கிறான். மற்றவர்கள் மகிழ்ச்சியில் திளைத்திருக்க, கய் வானத்தைப் பார்த்தபடி கண்மூடுகிறான். தொடர் அத்துடன் நிறைவடைகிறது.

இந்த முடிவின் பொருள்

சூப்பர் சென்டாய் வரிசையில் வீரர் ஒருவர் இறப்பது இது முதன்முறை அன்று. 'பேட்டில் ஃபீவர் ஜே' தொடரில் (1979) காசக் வீரர் 33ஆம் பகுதியில் இறந்தார். 'பயோமேன்' தொடரில் (1984) மஞ்சள் நிற வீராங்கனை 10ஆம் பகுதியில் இறந்தார். ஆனால் அவ்விரு தொடர்களிலும் அதே உடையை வேறொருவர் அணிந்து இடத்தை நிரப்பினார். அவர்கள் போரில் பகைவர் கையால் இறந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

கய்யின் இறப்பு இரண்டு வகையில் வேறுபடுகிறது. ஒன்று, அவன் இடத்தை யாரும் நிரப்பவில்லை. நிரப்பக் கதையில் நாள் இல்லை. மற்றொன்று, அவனைக் கொன்றவன் அரக்கன் அல்லன். கதையில் பெயர்கூட இல்லாத ஒரு சாதாரணத் திருடன். மறுபரிமாணப் படையை வென்றவன் தெருவோரத்தில் ஒரு கத்திக்கு இரையாகிறான். புவியைக் காத்ததால் புவியில் தீமை ஒழிந்துவிடவில்லை என்பதை இந்த நிகழ்ச்சி சொல்லாமல் சொல்கிறது.

அதே நேரத்தில் இது பொருளற்ற இறப்பும் அன்று. தொடக்கத்தில் உலகத்தைக் காக்கும் வேலை தனக்கெதற்கு என்று விலகி நின்றவன் கய். இப்போது கட்டளையிட யாரும் இல்லை, அணியும் கலைந்துவிட்டது. ஆயினும் முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக அவன் தயங்காமல் குறுக்கே செல்கிறான். ரியூ கற்பிக்க முயன்ற பாடத்தை அவன் தன் வழியில் கற்றுக்கொண்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கதையில் இல்லை. தான் விரும்பிய பெண்ணின் திருமண நாளைத் தன் துயரத்தால் கெடுக்காமல் இருக்க அவன் சொல்லும் பொய்யும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியே.

கய்யின் நிலை ரியூவுக்குப் புரிந்ததா என்பதைத் தொடர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதைப் பார்ப்பவரின் முடிவுக்கு விட்டுவிடுகிறது.

பிற்காலத் தாக்கம்

அடுத்து வந்த 'சியூரேஞ்சர்' தொடரிலும் (1992) ஒரு வீரன் இறக்கிறான். அத்தொடரின் பச்சை வீரனான புராய், 42ஆம் பகுதியில் உயிர் துறக்கிறான். ஆனால் அவனது வாழ்நாள் குறுகியது என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்ததால், பார்வையாளர் அதற்கு ஆயத்தமாக இருந்தனர். கய்யின் முடிவு எந்த அறிவிப்பும் இன்றி வந்தது. சியூரேஞ்சரின் காட்சிகளைப் பயன்படுத்தியே 1993இல் அமெரிக்காவில் 'பவர் ரேஞ்சர்ஸ்' உருவானது. அதற்கு முந்தைய தொடரான ஜெட்மேன் அவ்வாறு மாற்றப்படவில்லை.

2011இல் 35ஆவது தொடரான 'கோகாய்ஜர்' முந்தைய தொடர்களின் வீரர்களை மீண்டும் அழைத்து வந்தது. அதன் 28ஆம் பகுதியை இனோவே தொஷிகியே எழுதினார். அதில் கய்யாக நடித்த வகாமத்சு தொஷிஹிதே மீண்டும் தோன்றினார். கய் உயிர் பிழைத்தான் என்று கதை மாற்றப்படவில்லை. இறந்தவனாகவே வந்து, அடுத்த தலைமுறைக்கு உதவிவிட்டுச் செல்கிறான். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முடிவைத் திருத்தாமல் விட்டது, அதன்மீது படைப்பாளிகளும் பார்வையாளர்களும் வைத்திருந்த மதிப்பைக் காட்டுகிறது.