ராணுவ புல்லட்டின் அசல் பாகங்கள்

1955-இல், இந்திய ராணுவத்திற்கு 350 சிசி புல்லட் வண்டிகளை வழங்கும் பொருட்டு, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. திருவொற்றியூர் ஆலையில் தொடக்கத்தில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களே பூட்டப்பட்டன. பின்னரே அவை படிப்படியாக இங்கே தயாராயின. ஆகவே அக்கால வண்டியைப் புதுப்பிப்பவர் தேடும் ‘அசல்’ என்பது, அந்த ஆண்டில் அந்த வண்டியில் எந்த நாட்டுப் பாகம் இருந்தது என்ற வரலாற்றுக் கேள்வியாகும்.

அதற்கான விடை பெரும்பாலும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தீப்பொறிக்கான மேக்னெட்டோவையும் விளக்குக்கான டைனமோவையும் ஒன்றாக்கிய லூகாஸ் ‘மேக்டைனோ’வின் உடலிலும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஆமல் கார்புரேட்டரின் உடலிலும் வகை எண் அழுத்தப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால பி.எஸ்.ஏ. எம்20 போன்ற வண்டிகளின் பெட்ரோல் டேங்கில், பிற்காலப் பெயிண்டுக்கு அடியில், ‘சி’ என்று தொடங்கும் பிரிட்டிஷ் ராணுவப் பதிவெண் மறைந்திருப்பதும் உண்டு.

பாகங்களைப் பூட்டும்போது திருகு மரைகளே பெரும் இடர். பழைய பிரிட்டிஷ் அளவு மரையில் இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முறுக்கினால், கிடைத்தற்கரிய அலுமினிய வார்ப்பு பாழாகிவிடும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இத்தகைய பாகத்தை வாங்குவோர், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கு முன் அதன் எண்ணையும் முத்திரையையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.